கன்னி மூலைச் செவுரும் என் வயித்தெரிச்சலும்

புதுசா பெயிண்ட் வேலைக்கு வந்திருக்கற தம்பிகளே, அம்மணிகளே, இந்தப் பெருசு ஏதோ நல்ல புத்தி சொல்லப்போகுதுன்னு ஒரு நெனப்போட உக்காந்திருப்பீங்க. அந்த நெனப்பை மொதல்ல சொரண்டி எடுத்துப்போடுங்க. சொரண்டாம மேல எதை அடிச்சாலும் நிக்காது. நான் சொல்லப்போறது ஒருத்தன் மேல எனக்கு இருக்கற பொறாமையைப் பத்தி. இருந்த பொறாமைன்னு சொல்லல, பாத்துக்குங்க. மூட்டு தேஞ்சு, சாரம் ஏற முடியாம வேலையை விட்டு ஊட்டுல உக்காந்து வருசக்கணக்காச்சு. இன்னைக்கும் அவன் பேரைக் காதுல கேட்டா எனக்கு மத்தியானச் சோறு எறங்காது.

அவன் மதுக்கரைக்காரன். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா அவனுக்கு அது இன்னொரு வெளம்பரமா ஆயிப்போகும், இருக்கறது பத்தாதா? என்னைவிட வயசுல சின்னவன். ஒல்லியா, நெட்டையா இருப்பான், பேச்சு கம்மி. எங்க பாத்தாலும், "வணக்கமுங்ணா"ன்னு கையெடுத்துக் கும்புடுவான். கும்புடறவனை எப்படிங்க வையறது? அதுலயே எனக்குப் பாதி உசுரு போயிரும். "சிமெண்ட்டுத் தூசியில வளந்த பையன், செவுரு அவங்கிட்டப் பேசும்"னு பெயிண்ட் கடைக்காரரு என்னை வெச்சுட்டே சொல்லுவாரு. செவுரு பேசுமாம்! நாங்கூடத்தான் காலம் முச்சூடும் செவுத்தோட மல்லுக்கட்டினேன், எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லை.

இது எங்க ஆரம்பிச்சுதுன்னு சொல்றேன். ஆர்.எஸ்.புரத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒரே எடத்தைப் பிரிச்சு, ஒட்டி ஒட்டி ரெண்டு ஊடு கட்டினாங்க. ஒரே கொத்தனாரு, ஒரே செங்கல்லு, ஒரே காம்பவுண்டு. அண்ணன் பெயிண்ட் வேலையை எனக்குக் கொடுத்தாரு, தம்பி மதுக்கரைக்காரனுக்குக் கொடுத்தாரு. ரெண்டு பேரும் ஒரே கடையில, ஒரே கம்பெனி டப்பா, ஒரே சந்தனக் கலரு வாங்கி அடிச்சோம். முடிச்ச அன்னைக்கு ரெண்டு ஊடும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

நம்மூரு மழை தெரியுமல்ல? பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து காத்தோட சேந்து படுக்கவாட்டுல வந்து அறையும். மேக்குச் செவுரு வாங்கற அடியைக் கெழக்குச் செவுரு வாங்காது. ரெண்டு மழைக்காலம் போச்சு. எஞ்செவுரு உரியல, பொரியல, ஒரு சில்லுகூட விழல. சத்தியமாச் சொல்றேன். ஆனா வெளுத்துப்போச்சு. அங்கங்க திட்டுத் திட்டா, பல தடவை தொவைச்ச சட்டையாட்டம் நின்னுச்சு. பக்கத்துல அவஞ்செவுரு நேத்து அடிச்ச மாதிரி மினுமினுன்னு இருக்குது. அண்ணங்காரரு என்னைக் கூப்புட்டு, ரெண்டு செவுத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, நெம்பத் தன்மையாக் கேட்டாரு: "ஏனுங்க மேஸ்திரி, ரெண்டும் ஒரே டப்பாதானுங்களே?"

அவரு வஞ்சிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன். அந்தக் கேள்வி அப்படியே வயித்துல போயி உக்காந்துக்குச்சு. அதுக்கப்புறம் எந்தச் சோலிக்குப் போனாலும் வண்டி தானா அந்தத் தெரு வழியாத்தான் போகும். போயி, அந்த ரெண்டு ஊட்டையும் பாத்துட்டு, எரிஞ்சுட்டு வருவேன்.

ஒரே டப்பாவுல ரெண்டு விதமா எப்படி வரும்? அதைக் கண்டுபுடிக்காம விடறதில்லைன்னு, அவன் வேலை செய்யற எடத்துக்கெல்லாம் போக ஆரம்பிச்சேன். "இப்படி ஒரு சோலியா வந்தனுங்க"ன்னு ஒரு சாக்கு எப்பவும் கையில இருக்கும். அவனும் ஆளுங்களும் சாப்புடப் போற நேரமாப் பாத்து உள்ள போயி, செவுத்தை உள்ளங்கையில தடவிப் பாப்பேன். நகத்துல கீறிப் பாப்பேன். மூலையில, பீரோ வெக்கப்போற எடத்துல, கதவுக்குப் பின்னாடி, யாரும் பாக்காத எடமாப் பாத்துத் தேடுவேன். ஒரு எடத்துலயாவது ஏமாத்தியிருக்க மாட்டானான்னு ஒரு ஆசை. ஏமாத்தவே இல்லீங்க, பாவி.

ஒருநா ஒரு ஊட்டுல செவுத்துக்குச் செவுரு தட்டகலத்துக்குப் பிளாஸ்டிக் பேப்பரை நாலு பக்கமும் டேப்பு போட்டு ஒட்டி வெச்சிருந்தான். நான் திருஷ்டிக்கு ஒட்டியிருக்கான்னு நெனச்சு மனசுக்குள்ள சிரிச்சேன். அடுத்த நா காத்தால போனா, பேப்பரைப் பிரிச்சு உள்பக்கத்தைக் காத்துல தூக்கிப் பாக்கறான். உள்ள முத்து முத்தாத் தண்ணி. "செவுரு இன்னும் காயலீங்கம்மா, பொறவு வாரனுங்க"ன்னு சொல்லிப்போட்டு ஆளுங்களைக் கூட்டிட்டுக் கெளம்பிட்டான். அந்த ஊட்டு அம்மிணி, "பத்திரிகை அடிச்சாச்சு, சொந்தம், ஒரம்பரைக்கெல்லாம் சொல்லியாச்சு"ன்னு கத்துது. ஒரம்பரை எத்தனை பேரு வந்தாலும் செவுத்துக்கு அது தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

நான் அப்படி ஒரு எடத்துலகூட எந்திரிச்சு வந்தவனில்லை. இங்க இருக்கறவங்கள்ல யாரு வந்திருப்பீங்க? புதுமனை புகுவிழாவுக்குத் தேதி குறிச்சுட்டா, கொத்தனாரு ஒரு வாரம் இழுப்பாரு, ஆசாரி ஒரு வாரம் இழுப்பாரு, எலெக்ட்ரீசியன் கடைசி நாளு வரைக்கும் ஓட்டை போட்டுட்டே இருப்பாரு. மிச்சம் மீதி இருக்கறதுதான் நம்ம நாளு. ஈரச் செவுத்து மேல பட்டி பாத்து, அது காயறதுக்குள்ள பிரைமரு, அது காயறதுக்குள்ள பெயிண்ட்டு. விழாவுக்கு வந்தவங்க "ஊடு பளபளன்னு இருக்குது"ன்னு சாப்புட்டுட்டுப் போயிருவாங்க. அடுத்த மழைக்கு அந்த ஈரம் வெளிய வர வழி தேடும். பெயிண்ட்டைத் தள்ளிட்டுத்தான் வரும். இந்த மாவட்டத்துல உரியற செவுத்துல முக்காவாசி, பத்திரிகை அடிக்கற எடத்துலயே உரிய ஆரம்பிச்சுருதுன்னு நான் சொல்லுவேன்.

இன்னொண்ணும் பாத்தேன். பெயிண்ட் கரைக்க அவன் அங்கிருக்கற போர் தண்ணியைத் தொடறதில்லை. நம்மூருப் போர் தண்ணி எப்படின்னு உங்களுக்குத் தெரியும், வாளியில புடிச்சு வெச்சாலே வெள்ளையா ஏடு கட்டும். அவன் சிறுவாணித் தண்ணியைக் கேன்ல புடிச்சு வண்டியில கட்டிட்டு வாரான். குடிக்கறதுக்கே தண்ணி எப்ப வரும்னு சனங்க காத்துட்டிருக்கற ஊருல, இவன் செவுத்துக்கு ஊத்தறான்! எங்காளுங்க முன்னாடி இதைச் சொன்னப்ப விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அடுத்த வேலைக்கு நானும் கேன் கட்டிட்டுப் போனேன். பிளாஸ்டிக் பேப்பரும் ஒட்டினேன். நானே கண்டுபுடிச்சதுன்னு நாலு பேருகிட்டச் சொல்லிட்டும் திரிஞ்சேன். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. எதிரிகிட்ட இருந்து எடுத்தாலும் வேலை வேலைதான்.

இப்ப விசயத்துக்கு வாரேன்.

மில்லு வெச்சிருந்த ஒரு பெரிய குடும்பம். ஊட்டுக்குள்ள தெலுங்கு, வெளிய நம்மகிட்டத் தமிழு, ரெண்டுலயும் கொரலு ஒசராது. அந்தக் குடும்பத்துல ஒரு பழக்கம். ஒரு ஊட்டுக்கு யாரு பெயிண்ட் அடிக்கறாங்களோ, அக்கா ஊடு, தங்கச்சி ஊடு, மச்சான் ஊடுன்னு ஒரம்பரை மொத்தத்துக்கும் அவங்கதான். ஒருத்தர் கை மேல நம்பிக்கை வந்துட்டா வேற கை உள்ள நொழையாது. அது நெம்ப வருசமா என் கையா இருந்துச்சு. தீபாவளி வந்தா ஒரு ஊடு, கல்யாணம் வந்தா ரெண்டு ஊடுன்னு எங்காளுங்க பொழப்பே அதுல ஓடிட்டிருந்துச்சு. அப்புறம் அந்தக் குடும்பத்துக்கே தலையா இருந்த அம்மா தொண்டாமுத்தூரு ரோட்டுல புது ஊடு கட்டினாங்க. பெயிண்ட் வேலை மதுக்கரைக்காரனுக்குப் போயிருச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

ஏன்னு யாருகிட்டயும் நான் கேக்கல. எனக்குத்தான் தெரியுமே, அந்த அண்ணன் தம்பி ஊட்டை ஊரே பாத்துட்டு இருக்குதே.

அந்த ஊட்டுக்கும் போனேன். போகாம இருக்க முடியுமா? எல்லாரும் போன பொறவு சாயங்காலமாப் போனேன். அவன் மட்டும் உள்ள இருந்தான். தென்மேக்கு மூலையில இருக்கற பெட்ரூம்ல, பல்பைச் செவுத்தோட ஒட்டிப் படுக்கவாட்டுல புடிச்சு, மேடு பள்ளம் தெரியுதான்னு அடி அடியாப் பாத்துட்டு வாரான். நான் மேக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளிய நின்னேன். ஜன்னலு என் நெத்தி ஒசரம். கம்பியைப் புடிச்சுட்டு, கால் வெரல்ல நின்னு, எக்கி எக்கித்தான் பாக்க முடிஞ்சுது. கெண்டைக்காலு நடுங்கற வரைக்கும் பாத்தேன். செவுரு கண்ணாடியாட்டம் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி என் சம்சாரம் தோசை போட்டுக் கொடுத்தா, எனக்கு என்னமோ அதுகூடக் கசந்துச்சு.

வருசம் திரும்பறதுக்குள்ள அந்தம்மாகிட்ட இருந்து எனக்குப் போனு. "மேஸ்திரி, பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறோம். பொண்ணு வந்து எறங்கற ரூமுல செவுரு சொரி புடிச்ச மாதிரி உரிஞ்சு நிக்குது. நீங்க வந்து பாத்து, என்ன தப்பு நடந்திருக்குதுன்னு சொல்லோணும். அவரையும் வரச் சொல்லியிருக்கறேன்."

"நானுங்களா?"ன்னு கேட்டேன்.

"நீங்கதான். அவரு தப்பு பண்ணியிருந்தா நீங்க மறைக்க மாட்டீங்க."

பாருங்க, அந்தம்மாவுக்குக்கூடத் தெரியும். எனக்கும் அவனுக்கும் ஆகாதுன்னு கோயமுத்தூரு பூராத் தெரியும். ஆகாதவன் சொன்னா உண்மையா இருக்கும்னு அவங்க கணக்கு.

எனக்கு வந்த சந்தோசத்தை என்னன்னு சொல்லறது! சவரம் பண்ணிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிட்டு, கல்யாணத்துக்குப் போறவனாட்டம் கெளம்பினேன். வழி நெடுகச் சிரிச்சுட்டே போனேன். செவுரு அவங்கிட்டப் பேசும்னாங்களே, இன்னைக்கு நல்லாப் பேசட்டும்னு சத்தமாவே சொன்னேன். சிக்னல்ல பக்கத்துல நின்ன ஒரு பையன் என்னைத் திரும்பிப் பாத்தான்.

போனா அவன் முன்னாடியே வந்து அந்த ரூமுல நிக்கறான். "வாங்ணா"ன்னு கும்புட்டான். மொகம் செத்துப்போயிருந்துச்சு. அந்தம்மா ஒரு பக்கம் நின்னாங்க. தோட்டத்துல புல்லுத்தரை போட்ட காண்ட்ராக்டரு, பந்தலுக்கு எடம் பாக்க வந்து, வராண்டாவுல நின்னு வேடிக்கை பாத்துட்டிருந்தாரு.

செவுத்தைப் பாத்தேன். தரையில இருந்து இடுப்பு ஒசரம் வரைக்கும் பெயிண்ட்டு அப்பளமாட்டம் உப்பி நிக்குது. வெரலை வெச்சா பொருபொருன்னு கொட்டுது. உள்ள வெள்ளைத் தூளு. ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வெச்சேன். அந்தம்மா மொகத்தைச் சுளிச்சாங்க. நம்ம தொழில்ல இதுக்கெல்லாம் கூச்சப்பட்டா ஆகாது, நாக்கு சொல்லறதைக் கண்ணு சொல்லாது.

"உப்புங்கம்மா"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதுல ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு அந்த ரூமுல என்ன அர்த்தம்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்தம்மா அவன் பக்கம் திரும்பி, "போர் தண்ணியில கரைச்சிருக்கறீங்க. இல்லாட்டி ஈரச் செவுத்து மேலயே அடிச்சிருக்கறீங்க. எங்க தேதிக்கு முடிக்கோணும்னு அவசரப்பட்டுட்டீங்க, அப்படித்தானுங்களே?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கல. "வெளிப் பக்கமும் ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றனுங்க"ன்னு சொல்லிட்டு வெளிய போனேன். பாக்கறதுக்கு ஒண்ணும் போகல. சிரிப்பை அடக்க முடியல, அதுக்குத்தான் போனேன்.

மேக்குப் பக்கம் பச்சைப் பசேல்னு புல்லுத்தரை. சொட்டச் சொட்டத் தண்ணி விட்டிருந்தாங்க. அது மேல நடந்து போயி அதே ஜன்னலுகிட்ட நின்னேன். உள்ள அந்தம்மா நிக்கறது தெரியுது, அவன் நிக்கறது தெரியுது, அவன் கால்ல போட்டிருந்த செருப்பு வரைக்கும் தெரியுது. கம்பியில கையை ஊனிட்டுச் சௌரியமாப் பாத்துட்டு நின்னேன்.

திடீர்னு என் கெண்டைக்காலு ஞாபகத்துக்கு வந்துச்சு. அன்னைக்கு எக்கி எக்கிப் பாத்தனே, இன்னைக்கு எப்படி இத்தனை சௌரியமா நிக்கறேன்? நெத்திக்கு இருந்த ஜன்னலு எப்படி நெஞ்சுக்கு வந்துச்சு? நான் வளந்துபோட்டனா இந்த வயசுல?

கீழ பாத்தேன். புரிஞ்சு போச்சு.

அஸ்திவாரத்துக்கு மேல, செவுரு ஆரம்பிக்கற எடத்துல, மண்ணோட ஈரம் ஏறாம இருக்க ஒரு பட்டை போடுவாங்க. வெளி மண்ணு எப்பவும் அதுக்குக் கீழதான் இருக்கோணும். கன்னி மூலைங்கற தென்மேக்கு மூலை மத்த மூலையைவிட ஒசரமா இருக்கோணும்னு நம்மூருல வாஸ்து பாக்கறவங்க சொல்லுவாங்க. பெயிண்ட்டு முடிஞ்ச பொறவு யாரோ அதைச் சொல்லியிருக்காங்க, இவங்களும் லாரி மண்ணைக் கொட்டி மூலையை ஒசத்திட்டாங்க. மண்ணு பட்டையைத் தாண்டிச் செவுத்து மேல ஏறிப் படுத்துக்குச்சு. மேல புல்லு, அதுக்கு நெதமும் உப்புப் போர் தண்ணி. செவுரு அந்தத் தண்ணியை உறிஞ்சி உறிஞ்சி, உப்பை உள்பக்கமாத் தள்ளியிருக்குது. எவன் அடிச்சிருந்தாலும் உரிஞ்சிருக்கும். இடுப்பு ஒசரத்துக்கு மேல செவுரு சுத்தமா இருந்ததே அதுக்கு அத்தாட்சி. கரைச்ச தண்ணியில உப்பிருந்தா உத்தரம் வரைக்குமில்ல பூத்திருக்கோணும்?

கண்ணுகளா, இதை மட்டும் மறக்காதீங்க. உரிஞ்ச செவுத்தைப் பாக்கறவங்க அதோட மறுபக்கத்தையும் பாக்கோணும், அது நிக்கற மண்ணையும் பாக்கோணும். பெயிண்ட்டு உரியறது பெயிண்ட்டுல மட்டும் நடக்கற விசயமில்லை.

சரி. புரிஞ்சுது. உடனே ஓடிப்போயி சொன்னேன்னு நெனக்கறீங்களா? நின்னேன். அந்த ஜன்னலுகிட்டயே நின்னு யோசிச்சேன். வாயை மூடிட்டு இருந்தா அவன் போயிருவான். வேலை என் கைக்கு வரும், அந்த ஒரம்பரை மொத்தமும் திரும்ப வரும். அப்புறமா நாசூக்கா, "இந்த மண்ணைக் கொஞ்சம் எறக்கிக்கலாமுங்கம்மா"ன்னு சொல்லி, காய வெச்சு, நான் அடிச்சா செவுரு நிக்கும். எல்லாரும் எம் பேரைச் சொல்லுவாங்க. யாருக்கும் தெரியாது. நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை சுத்தமா ஒரு வழி என் வாழ்க்கையில வேற எப்பவும் வந்ததில்லை.

உள்ள அந்தம்மா கொரலு கேட்டுச்சு. "எங்க ஒரம்பரை ஊட்டுல இனி ஒரு கேட்டுக்குக்கூட நீங்க பிரஷ் எடுக்க வேண்டாமுங்க. கல்யாணத்துக்கு வர்றவங்க கேட்டா நடந்ததைச் சொல்லத்தான் செய்வேன்." அந்தக் குடும்பம் கல்யாண ஊட்டுல வெச்சு ஒரு பேச்சுச் சொன்னா, அது மேட்டுப்பாளையம் வரைக்கும் போகும். அதோட அவன் பொழப்பு முடிஞ்சுது. அவனுக்கு அது தெரியாம இல்லை.

அவன் உப்பின செவுத்து மேல உள்ளங்கையை வெச்சான். வெச்சபடியே சொன்னான்: "நாந்தானுங்கம்மா எங்கயோ தப்பு பண்ணியிருப்பேன். எங்கன்னு எனக்கே தெரியலீங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! என்னது, தப்பு பண்ணியிருப்பியா? நீயா? எத்தனை ஊட்டுல, எத்தனை கதவுக்குப் பின்னாடி, ஒரு தப்புக்காக நாயா அலைஞ்சவன் நானு. ஒண்ணுகூட வெக்காம என்னைச் சாகடிச்சுப்போட்டு, இப்ப வந்து தப்பு பண்ணியிருப்பேன்னு சொல்லறயா? நீ சாதாரணமான ஆளுன்னா, நான் இத்தனை வருசம் வயிறெரிஞ்சது எதுக்குடா?

"யோவ்!"னு ஜன்னல் வழியாக் கத்திட்டேன். ரெண்டு பேரும் திடுக்குனு திரும்பினாங்க. "தப்பு ஒண்ணும் பண்ணல நீயி! வாயை மூடு! ஏனுங்கம்மா, இந்த மூலையில மண்ணைக் கொட்டினது யாருங்க? செவுரு மண்ணுக்குள்ள நிக்குதுங்க, அதான் உரியுது!"

அந்தம்மா ஜன்னலுகிட்ட வந்தாங்க. "வாஸ்துக்காரரு ஒசத்தச் சொன்னாருன்னு நாந்தான் ஒசத்தச் சொன்னேன். அப்ப நாங்க ஊருல இல்லை. கொஞ்சம் மண்ணுதானுங்களே போட்டாங்க?"

சத்தம் கேட்டுப் புல்லுத்தரைக்காரரு ஓடி வந்தாரு. "நாலு வெரக்கடை மண்ணுதானுங்கம்மா, புல்லு புடிக்கறதுக்கு. முன்னாடியே தரை இந்த ஒசரந்தான். இவரு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லறாரு."

"இந்த ஒசரமில்லீங்க. இடுப்பு ஒசரத்துல பாதிக்கு ஏத்தியிருக்காங்க"ன்னேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இந்த ஊட்டுல வேலை செஞ்சீங்களா?"ன்னாரு அவரு.

அந்தம்மாவும் அதையேதான் கேட்டாங்க, நெம்ப மெதுவா. "ஆமாங்க மேஸ்திரி. முன்னாடி தரை எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் நின்னு என்னையே பாக்கறான். ஒரு பொய்யாவது ஓடி வரும்னு பாத்தேன். இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தனுங்கங்கற எஞ்சாக்கு அன்னைக்குன்னு பாத்து வாயில வரல. வந்தாலும் செல்லாது. ரோட்டுல போறவன் எதுக்கு ஊட்டுக்குப் பின்னாடி வந்து ஜன்னலோட ஒசரத்தை அளந்தான்?

"பெயிண்ட் அடிச்சப்ப வந்து பாத்தனுங்கம்மா"ன்னேன். "ஒளிஞ்சு நின்னு. இதே ஜன்னல்ல. எட்டல, எக்கி எக்கித்தான் பாத்தேன். கால் வெரல்ல நின்னு. இப்பப் பாருங்க, நெஞ்சுக்கு நிக்குது."

"எதைப் பாக்கறதுக்கு?"

"இவன் வேலையைத்தானுங்க. வேற எதை? எங்காவது தப்புப் பண்ணியிருக்கானான்னு பாக்கத்தான் வந்தேன். எல்லா ஊட்டுக்கும் போவேன். பொறாமைங்கம்மா. போதுமுங்களா?"

காது ரெண்டும் எனக்குத் தீயா எரியுது. எங்கயாச்சும் போயி ஒளிஞ்சுக்கலாம்னு இருந்துச்சு. அந்தம்மா புல்லுத்தரைக்காரரைப் பாத்து, "தோண்டுங்க"ன்னாங்க.

அவரு மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு மம்புட்டியை எடுத்துட்டு வந்தாரு. செவுத்தோரமாப் புல்லைப் பாயாட்டம் சுருட்டி எடுத்துட்டு வெட்டினாரு. நாலு வெரக்கடை எப்பவோ போயிருச்சு. மண்ணு சதசதன்னு வருது. முழங்காலு ஆழம் போன பொறவுதான் அந்தப் பட்டை தெரிஞ்சுது. அதுக்குக் கீழ இன்னும் கல்லுக் கட்டு இருந்துச்சு.

எல்லாரும் பட்டையைப் பாத்தாங்க. நான் வேற ஒண்ணைப் பாத்துட்டு நின்னேன். மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடந்த செவுத்துல, பெயிண்ட்டு கல்லுக் கட்டு மேல வந்து முடியற எடத்துல, ஒரு கோடு. ஈரத்துல பெயிண்ட்டு அங்கங்க உப்பியிருந்தாலும் அந்தக் கோடு நூலு புடிச்ச மாதிரி நேரா போகுது. ஒரு வழிசல் இல்லை. யாரும் குனிஞ்சு பாக்காத எடம், ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காலிப் பக்கம். நானா இருந்தா அங்க கண்ணை மூடிட்டு அடிச்சிருப்பேன். அந்தக் கோடு என்னைப் படுத்தின பாட்டை வேற எதுவும் படுத்தினதில்லை.

அந்தம்மா அவங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. பெரிய எடத்துக்காரங்க கேக்கற மாதிரி பட்டும் படாமக் கேக்கல, கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டாங்க. மண்ணை எறக்கி, செவுரு காயற வரைக்கும் கல்யாணப் பொண்ணுக்கு மாடியில ரூமு கொடுக்கறதுன்னு முடிவாச்சு. திரும்ப அடிக்கற வேலை? அவனுக்குத்தான். ஒரம்பரை ஊடு மொத்தமும்? அவனுக்குத்தான். எனக்கு ஒரு காப்பி கொடுத்தாங்க. நல்ல காப்பி, அதையும் சொல்லிரோணும்.

காப்பியைக் குடிச்சுட்டு வண்டிகிட்ட வந்தேன். அவன் பின்னாடியே வந்தான். ஏதாவது எகத்தாளமாச் சொல்லுவான், சொன்னா நாலு வாங்கு வாங்கிட்டு மனசாறப் போலாம்னு தயாரா நின்னேன். அவன் கையெடுத்துக் கும்புட்டான்.

"ஏனுங்ணா, எக்கி எக்கியா பாத்தீங்க?"ன்னு கேட்டான். மொகத்துல ஒரு துளி சிரிப்பு இல்லை, நெசமாலுமே வெசனப்பட்டுட்டுத்தான் கேட்டான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா உள்ள கூட்டிட்டுப் போயி காட்டியிருப்பனே. காலு வலிச்சிருக்குமுங்களே."

நான் வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். இந்தத் தொழில்ல என்னைச் செருப்பால அடிக்காத கொறையா வஞ்சவங்க எத்தனையோ பேரு. அவங்களை எல்லாம் எப்பவோ மன்னிச்சுட்டேன். அவன் அன்னைக்கு என் காலுக்காக வெசனப்பட்டான் பாருங்க, அதை மட்டும் என்னால இன்னும் மன்னிக்க முடியல.